எல்.கே.ஜி. பிள்ளை பள்ளியில் வாயே திறக்கலை: அழுத்தமா, பயமா?

மதுரை_அம்மா:
மகளுக்கு நாலு வயசு. ஜூன்ல எல்.கே.ஜி. சேர்த்தோம். அக்டோபர் ஆச்சு, வகுப்பில் இன்னும் ஒரு சொல் பேசலை. வீட்டில் வாய் மூடாது. வேன்ல இருந்து இறங்கி ஷூவைக் கழற்றும்போதே மிஸ் குரலில் பொம்மைகளை மிரட்ட ஆரம்பிச்சுடுவா. பள்ளியில் 'மிஸ், பாத்ரூம்'னு கேட்க வாய் வராம வாரத்துக்கு ரெண்டு நாள் ஈரப் பாவாடையோட வர்றா. 'வாயைத் திறந்து கேட்டாத்தான் ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறப்பேன்'னு மிஸ் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாங்க. அஞ்சு நாளும் டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு. குழந்தை டாக்டர் இது 'செலக்டிவ் மியூட்டிசம்', அதாவது சில இடத்தில் மட்டும் பேச வாய் வராம போறது, குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கன்னார். 'மனநலமா?'ன்னு கேட்ட மாமியார் அதுக்கப்புறம் என்கூடப் பேசலை. என்ன செய்ய?

பழைய_வாத்தியார்:
31 வருஷம் ஒண்ணாம் வகுப்பு எடுத்தவன் சொல்றேன்மா. வருஷத்துக்கு ஒரு கல்லுளிமங்கன் வராம இருந்ததில்லை. பொங்கல் லீவு முடிஞ்சு வரும்போது தானாப் பேசிடுவான். நாலு வயசுப் பிள்ளைக்கு வாயில் நுழையாத பேர் ஒண்ணு வச்சு ஃபைல் போட்டா, அந்தப் பேர் டி.சி. வரைக்கும் கூட வரும். வெட்கப்படற பிள்ளை வெட்கப்பட்டுட்டுப் போகட்டுமே.

கொங்குத்_தங்கச்சி:
சார், தானாப் பேசாத பிள்ளைங்களை நீங்க எப்படிக் கணக்கில் எடுப்பீங்க? அவங்க ரெண்டாம் வகுப்புக்குப் போயிருப்பாங்க, நீங்க அடுத்த செட்டைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பிள்ளைகள்ல ஒருத்தி நான். ஆறாவது வரைக்கும் அட்டெண்டன்ஸுக்குப் பக்கத்து பெஞ்ச் பிள்ளைதான் 'உள்ளேன் ஐயா' சொல்லுவா. வீட்டில் எனக்கு வச்ச பேர் 'அழுத்தக்காரி'. அழுத்தமே இல்லை சார். தொண்டையில் கை வச்சு யாரோ பிடிச்ச மாதிரி இருக்கும்.

பழைய_வாத்தியார்:
நீ இன்னைக்கு நல்லாத்தானேம்மா இருக்கே?

கொங்குத்_தங்கச்சி:
இன்னைக்கும் போன் அடிச்சா எடுக்க மாட்டேன். டைப் பண்றதால இங்க பேசறேன் :)

சிட்னி_செல்வி:
நான் இங்கே பாலர் பள்ளி ஆசிரியை. வாத்தியார் ஐயாவோட பயத்தில் பாதி நியாயம். பள்ளி சேர்ந்த முதல் மாசத்துப் பேசாமையை யாரும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டாங்க. கூச்ச சுபாவமுள்ள எல்லாப் பிள்ளைக்கும் இது வராது. ஆனா மதுரை அக்கா மகளுக்கு நாலு மாசம் ஆச்சு, பாத்ரூம்கூடக் கேட்க முடியலை.

பேரிலேயே ஒரு கதை இருக்கு. முன்னே இதை 'எலெக்டிவ் மியூட்டிசம்'னு சொன்னாங்க, பிள்ளை வேணும்னே பேச மறுக்குதுங்கிற அர்த்தத்தில். அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டில் 1994-ல் அந்தப் பேரை மாத்தினாங்க. 2013-ல் பதற்றக் கோளாறுகள் வரிசையிலேயே சேர்த்துட்டாங்க. நம்ம ஊர் 'அழுத்தக்காரி'யும் அந்தப் பழைய பேரும் ஒண்ணுதான்.

மதுரை அக்கா, ஸ்நாக்ஸ் டப்பாவை நிறுத்தச் சொல்லுங்க. முதல்ல அது.

மெக்கானிக்_அப்பா:
இதெல்லாம் சரி. கூட்டிட்டுப் போனா மாத்திரை எழுதிடுவாங்களே? என் பயம் அதுதான்.

சிட்னி_செல்வி:
இந்த வயசுக்கு முதல்ல மாத்திரை இல்லை அண்ணா. பழக்கத்தை மாத்தறதுதான் வைத்தியம், அதிலயும் பாதி வேலை பெற்றோருக்கு. இங்கே மக்வாரி பல்கலைக்கழகத்துக்காரங்க பயந்த சுபாவமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குன்னு ஆறு வகுப்பு நடத்திப் பார்த்தாங்க. வந்து உட்கார்ந்தது அப்பா அம்மா மட்டும். பிள்ளைக்குப் பதிலா நாமே பேசிடறது, பயந்த இடத்துக்குக் கூட்டிட்டே போகாம இருக்கிறது, இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா விடப் பழக்கினாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வகுப்புக்கு வராதவங்க பிள்ளைகளைவிட இவங்க பிள்ளைகளுக்குப் பதற்றக் கோளாறு குறைவு.

பழைய_வாத்தியார்:
டப்பா விஷயம் தப்பு, ஒத்துக்கறேன். பசியை வச்சுப் பேச வைக்கக் கூடாது. நானும் ஒரு காலத்தில் பேசாத பிள்ளையை பெஞ்ச் மேல ஏத்தியிருக்கேன். ஆனா முத்திரை விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். வைத்தியம் பாருங்க, பேரைப் பள்ளியில் சொல்லாதீங்க.

கொங்குத்_தங்கச்சி:
சொல்லாம மிஸ் எப்படி சார் மாறுவாங்க? சொல்லாத வரைக்கும் அவ திமிர் பிடிச்சவதான்.

மெக்கானிக்_அப்பா:
மதுரையில் யாரைப் பார்க்கணும்னு தெரியலைன்னா 14416-க்கு போன் பண்ணுங்கக்கா. டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

மதுரை_அம்மா:
போன் பண்ணினேன், போய்ப் பார்த்தாச்சு. மாத்திரை எழுதலை. வகுப்பில் யாரும் இல்லாதப்போ நீங்க மட்டும் கூட்டிட்டுப் போய் விளையாடுங்கன்னாங்க. சனிக்கிழமை போனோம். முதல் கால் மணி நேரம் என் துப்பட்டாவை விடலை. அப்புறம் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, 'இந்த யானைக்கு வால் வரைய மறந்துட்டாங்க'ன்னு என் காதுல சொன்னா. கொஞ்ச நேரத்தில் சத்தமாவே. மிஸ் வாசல்ல வந்து நின்னாங்க, நாங்க கேட்டுக்கிட்டபடி இவளைப் பார்க்காம நோட்டைத் திருத்திட்டே. குரல் குறைஞ்சுது, ஆனா நிக்கலை. மிஸ் உள்ளே ரெண்டடி வச்சதும் நின்னுடுச்சு.

அடுத்த சனிக்கிழமையும் போறோம். மிஸ் வாசலோட நின்னுக்கறேன்னு சொல்லியிருக்காங்க.