முள் இறங்கியபோது சூடு தணிந்தது என்று நம்பினேன்

என் கார் சூடேறி நின்ற நாளில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடவே இல்லை. வழக்கமான நடு இடத்திலிருந்து சற்று மேலே ஏறியது; ஓரமாக நிறுத்தலாமா என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று இறங்கி, அடிக்கோட்டுக்கு அருகில் போய் நின்றுவிட்டது. சூடு தானாகவே தணிந்துவிட்டது என்று நம்பி, மேலும் ஐந்து நிமிடம் ஓட்டினேன். அந்த ஐந்து நிமிடத்தில் என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதற்கும் என்ஜின் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. வெப்பத்தை அளக்கும் சென்சார், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டில் மூழ்கியிருக்கும் வரைதான் சரியான அளவைக் காட்டும். திரவம் வற்றிப்போய் அதைச் சுற்றிக் காற்றும் ஆவியும் மட்டுமே எஞ்சினால், பக்கத்தில் இரும்பும் அலுமினியமும் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் கீழே இறங்கக்கூடும். எனவே ஏறிய முள் காரணமின்றிச் சட்டென்று இறங்கினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல், உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பதை இதைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பல கார்களில் கூலண்ட் வெப்பம் கணிசமாக மாறினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்பதால், அது அசைவதைக் காணும்போதே நிலைமை கைமீறத் தொடங்கியிருக்கலாம்.

ஆனால் உண்மையான எச்சரிக்கை பல மாதங்களுக்கு முன்பே எனக்குக் கிடைத்திருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூலண்ட் தொட்டியில் அளவு குறைந்திருக்கும். நானும் ஒரு டம்ளர் குழாய் நீரை ஊற்றி, கார் என்றால் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன். இது முற்றிலும் தவறான எண்ணம். இன்றைய கார்களின் குளிர்விப்பு அமைப்பு மூடிய சுற்று. அதில் இப்படித் தொடர்ந்து அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். என் காரில் வாட்டர் பம்பின் உள் சீல் தேய்ந்து, அதைக் காட்டிக்கொடுப்பதற்காகவே பம்பின் உடலில் விடப்பட்டிருக்கும் சிறு துளை வழியாகக் கூலண்ட் சொட்டியிருக்கிறது. சூடான என்ஜினில் பட்டு உடனே உலர்ந்துவிட்டதால் தரையில் ஈரம் தெரியவில்லை. பம்பைக் கழற்றியபோது அந்தத் துளைக்குக் கீழே உப்புப் பூத்ததுபோல ஒரு தடம் படிந்திருந்தது. டார்ச் விளக்கோடு ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

குழாய் நீர் செய்த கேடு வேறு. பாதி எத்திலின் கிளைக்கால் என்ற வேதித் திரவமும் பாதி காய்ச்சி வடித்த நீரும் கலந்த கூலண்ட், சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அமைப்புக்குள் ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தக்கவைத்தால் அந்தக் கொதிநிலை 130 டிகிரிக்கு அருகில் செல்லும். நான் நீரை ஊற்ற ஊற்ற அந்தக் கலவை நீர்த்துப்போய்க் கொதிநிலை இறங்கியது. துருவைத் தடுக்கும் சேர்மங்களும் வலுவிழந்தன. கடின நீரின் உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தன. ஹெட்டைக் கழற்றி, அதன் பரப்பைச் சீவிச் சமப்படுத்தி, புதிய கேஸ்கெட் பொருத்தினார்கள். என் காரில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட்தான் என்பதால், பெல்ட்டையும் பம்பையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்ன மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டது மட்டுமே அன்று நான் செய்த சரியான காரியம்.

இப்போது வாரம் ஒருமுறை, காலையில் என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது தொட்டியின் அளவைப் பார்த்து, அதன் பக்கத்தில் ஒட்டிய நாடாவில் கோடிட்டுத் தேதி எழுதுகிறேன்.

* * *

நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றுகிறது, நண்பரே. என் கார் திறந்த சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் சூடேறாது. நெரிசலில் ஊர்ந்தால் பத்தே நிமிடத்தில் முள் ஏறிவிடும். முதலில், சூட்டுக்கேற்பத் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், பிறகு ரேடியேட்டரைக் கழுவினார்கள், இரண்டாலும் பயனில்லை. இறுதியில் பழுது, ரேடியேட்டர் விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயில் இருந்தது. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது விசிறி ஒன்றுதான் துணை. நெரிசலில் மட்டும் சூடேறினால் முதலில் விசிறியையும், வேகத்தில் மட்டும் சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டரையோ உறிஞ்சலில் உள்ளொடுங்கும் கீழ் ஹோஸையோ சந்தேகிப்பது முறை. பெரும்பாலான கார்களில் ஏ.சி.யைப் போட்டதும் விசிறி சுழலத் தொடங்கும். பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல், அதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நெரிசலில் சிக்கி நிறுத்த இடமில்லாதபோது, ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துச் சமாளித்திருக்கிறேன். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால் என்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது வெளியேற்றிவிடும். முள் மேலே இருக்கும்போது ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால், பெரும்பாலும் உள்ளே கூலண்ட் போதவில்லை அல்லது சுழலவில்லை என்று பொருள். அந்த நிலையில் ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது.

* * *

இருவரும் காரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் தந்தையின் கையைப் பற்றி நான் எழுத வேண்டும். கொதித்து நின்ற காரின் ரேடியேட்டர் மூடியை, துணியால் பிடித்தபடிதான், அவர் அரைத் திருகு திருகினார். அழுத்தத்தால் மட்டுமே திரவமாக இருந்த கூலண்ட், அழுத்தம் விடுபட்ட அதே கணத்தில் ஆவியாகச் சீறி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலை உரித்துவிட்டது. புண் ஆறிய பின்னும் தழும்பு மறையவில்லை. குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸின் சூடு ஆறி, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். அதன் பிறகும், கொதித்து வற்றிய என்ஜினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும் என்பதால் பொறுமை தேவை.

* * *

உங்கள் தந்தையைப் பற்றிப் படித்து மனம் கனத்தது, சகோதரி. என் காரின் ஹெட் வளைந்த அன்று நானும் மூடியைத் திறக்கப் போனேன். பின்னால் வந்தவர் ஒருவர் தடுத்ததால் தப்பினேன். முதலில் சொல்லாமல் விட்டிருந்த ஒன்றையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்: கூலண்டின் நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. ஒவ்வாத இரு வகைகள் கலந்தால் கூழ்போலத் திரண்டு குழாய்களை அடைத்துவிடக்கூடும். காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள தர எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். வடித்தெடுத்த பழைய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைக்கவும் வேண்டாம். எத்திலின் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சிறுநீரகம் பழுதாகி இறந்துபோகும். நான் அதை இறுக மூடிய கலனில் சேர்த்துவைத்து, பணிமனையில் ஒப்படைத்துவிடுகிறேன்.