ஹிஸ்டரி ரிசர்ச்சால இன்னிக்கு உயிரோட இருக்கிறவங்களுக்கு என்ன யூஸ்? தங்கச்சிக்காக கேக்குறேன்

வைகைக்கரையான்:
வணக்கம் மக்களே. என் தங்கச்சி எம்.ஏ. ஹிஸ்டரி முடிக்கப் போறா, அடுத்து பி.எச்டி.தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வீட்ல அப்பா, சித்தப்பா எல்லாரும் "செத்துப்போன ராஜா கதையா சோறு போடும், பேசாம பி.எட். முடிச்சுட்டு டீச்சர் வேலைக்குப் போ"ன்னு ஒரே புடியா இருக்காங்க. நான் அவ பக்கம்தான், ஆனா அப்பா "அந்த ஆராய்ச்சியால இப்ப வாழுற மனுசனுக்கு ஒரு நல்லது நடந்துச்சுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டா எனக்கு பதில் வரமாட்டேங்குது. பெருமை, பாரம்பரியம்னு பேசுனா எடுபடாது, பொதுப்பணித்துறைல இருந்து ரிட்டயர் ஆனவர், ஆதாரம் இருந்தாத்தான் காது குடுப்பார். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நாகை கடலோரம்:
சகோ, அப்பா பொதுப்பணித்துறைன்னா அவருக்கு ஜப்பான் கதையச் சொல்லுங்க. 869ஆம் வருஷம் அங்க செண்டாய் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்து கடல் ஊருக்குள்ள ஏறிருச்சு, ஆயிரம் பேர் கிட்ட செத்தாங்கன்னு அரசவைக் குறிப்புல எழுதி வச்சிருக்காங்க. ரொம்ப நாள் அத ஒரு பழைய குறிப்பாத்தான் பாத்தாங்க, அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் செண்டாய் வயக்காட்டத் தோண்டிப் பாத்தா, களிமண்ணுக்கு நடுவுல கடல் மணல் ஒரு படலமா கிடக்கு, அதுவும் கரையில இருந்து கிலோமீட்டர் கணக்குல உள்ள தள்ளி. எழுத்தும் மண்ணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போச்சு. 2009ல அரசாங்கக் கமிட்டி மீட்டிங்லயே ஒரு நிலவியல் அறிஞர் இத ஃபுகுஷிமா அணு உலை விஷயத்துல எடுத்துச் சொன்னார், ஆனா தடுப்பு எதுவும் உயரல. அங்க 5.7 மீட்டர் அலைக்குத்தான் கணக்கு போட்டு வச்சிருந்தாங்க, 2011 மார்ச் 11ல வந்தது 14, 15 மீட்டர். மிச்சம் என்ன ஆச்சுன்னு உலகத்துக்கே தெரியும்.

இதே கடற்கரைல ஓனகவான்னு இன்னொரு அணு உலை இருக்கு, நிலநடுக்கம் மையம் கொண்ட இடத்துக்கு ஃபுகுஷிமாவ விட இதுதான் கிட்ட. அத ப்ளான் பண்றப்போ ஹிராய் யானோசுகேன்னு ஒரு இன்ஜினியர், அந்த 869 சுனாமிய மனசுல வச்சு, இடத்த உயர்த்தியே ஆகணும்னு பிடிவாதமா நின்னார். 14.8 மீட்டர் உயரத்துல கட்டுனாங்க. 2011ல வந்த அலை சுமார் 13 மீட்டர், உலை தப்பிச்சது, வீடு இழந்த சுத்துவட்டார ஜனங்க அந்த வளாகத்துக்குள்ளயே தங்குனாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி எழுதுன நாலு வரிய ஒரு இன்ஜினியர் நம்புனார், அதான் நடந்தது. உங்கப்பா கேட்ட "ஒண்ணே ஒண்ணு" இதுதான்.

நம்ம பக்கமும் இருக்கு. 1881 டிசம்பர் 31ல கார் நிக்கோபார் கிட்ட நிலநடுக்கம், அதுல கிளம்புன அலை சென்னைத் துறைமுகத்துல கடல்மட்டம் அளக்குற அலைமானியிலயும் பதிவாச்சு. சின்ன அலைதான், ஒரு மீட்டர்கூட இல்ல. அந்தப் பழைய பதிவையெல்லாம் எடுத்து அலசி கட்டுரை வெளிவந்தது 2003ல, மறு வருஷமே 2004 சுனாமில எங்க ஊர் போச்சு. "நம்ம கடல்ல சுனாமியெல்லாம் வராது"ன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தோம்ங்கறத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

மைப்படி:
நான் கல்வெட்டு படி எடுக்கப் போறவங்க கூட சுத்துறவன், எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். அப்பாகிட்ட வீராணம் ஏரி எப்ப வெட்டுனதுன்னு கேளுங்க, 10ஆம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம், 2004ல இருந்து அந்தத் தண்ணி குழாய் வழியா சென்னைக்கு வருது. ஆனா ஏரி வெட்டுறது பாதி வேலைதான, வருஷா வருஷம் அத யாரு பாத்துக்கிட்டாங்கன்னு தெரியணும்ல. அது உத்திரமேரூர் கோயில் சுவத்துல இருக்கு, அதே பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு யாரக் குடவோலைல எடுக்கலாம், யார எடுக்கக்கூடாதுன்னு சட்டமாவே வெட்டி வச்சிருக்காங்க. முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் வரக்கூடாது, அவன் மட்டுமில்ல அவன் சொந்தக்காரனும் வரக்கூடாது. இன்னிக்கு நம்ம ஊர் கண்மாய்க்கு இப்படி ஒரு விதி இருந்தா எப்படி இருக்கும்னு அவரே சொல்லட்டும்.

இதெல்லாம் தானா கைக்கு வராது தம்பி. கல்லத் தண்ணி ஊத்தி பிரஷ்ஷால தேச்சு எழுத்துக்குள்ள இருக்குற அழுக்க எடுக்கணும், நனைச்ச பேப்பர ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள்ள பேப்பர் இறங்குற வரைக்கும் பிரஷ்ஷால தட்டணும், அப்புறம் பொறுமையா மை ஒத்தணும், வெயில் ஏறுனா பேப்பர் காஞ்சு எழும்பிரும், திரும்ப முதல்ல இருந்து. திருப்பணிங்கற பேர்ல மணல் அடிச்சு கல்லச் சுத்தம் பண்ணி எழுத்தே மழுங்கிப்போன கோயில்கள் இருக்கு, படி எடுக்காம விட்டது போனா போனதுதான். அதனால இதுக்கு ஆள் வேணும், உங்க தங்கச்சி மாதிரி ஆசைப்பட்டு வர்ற ஆள் ரொம்பவே வேணும்.

குழித்தடம்:
மேல சொன்ன ரெண்டும் சரி, நான் வேற ஒண்ணு சேக்குறேன். வாட்ஸ்அப்ல தினம் ஒரு வரலாறு வருது, பத்தாயிரம் வருஷம், இருபதாயிரம் வருஷம்னு வாய்க்கு வந்தது. கீழடில பாருங்க, தென்னந்தோப்புல குழி போட்டு, 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த கரித்துண்ட அமெரிக்காவுல இருக்குற லேபுக்கு அனுப்பி, கி.மு. 580ன்னு வந்துச்சு, 2019ல அறிக்கையா வெளியிட்டாங்க. எந்தக் குழி, எந்த ஆழம்னு குறிச்சு வச்சதாலதான் அதப் பத்தி எவன் கேள்வி கேட்டாலும் பதில் பேச முடியுது. ஃபார்வர்டுக்கு ஆழமும் கிடையாது குழியும் கிடையாது. ஊருக்குள்ள பொய்ச் சரித்திரத்த வச்சு சண்ட மூட்டிவிடுறவன்கிட்ட "ஆதாரம் எங்கடா"ன்னு கேக்கத் தெரிஞ்ச ஆள் தெருவுக்கு ஒருத்தராவது வேணும்ங்க.

வைகைக்கரையான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓனகவா கதைய சாப்பிடுறப்போ அப்பாகிட்ட சொன்னேன், "14.8ஆ, யாரு அந்த இன்ஜினியர்"னு ரெண்டு தடவ கேட்டார். இன்னும் சரின்னு சொல்லல, ஆனா பி.எட். பேச்ச எடுக்கல. சரி, அவ இப்பவே என்ன கத்துக்கிட்டா நல்லது?

மைப்படி:
வட்டெழுத்து, கிரந்தம்ங்கற ரெண்டு பழைய எழுத்து வகையையும் படிக்க இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க, பாண்டிய நாட்டுக் கல்வெட்டுல ரெண்டும் வரும். மாநிலத் தொல்லியல் துறைல ரெண்டு வருஷ முதுநிலை டிப்ளமோ இருக்கு, அறிவிப்பு வர்றப்ப விட்றாதீங்க. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. முடிஞ்சா அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, பிரிட்டிஷ்காரன் காலத்துப் பாசன ஃபைல் அங்க நிறைய கிடக்கு, அவர் துறைதான.