நெய்விளக்கு ஹால்ட்டில் ராஜாஜி இறங்கினாரா?

மீட்டர்கேஜ் மணி:
நேற்று ஒருவர், திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி ரயில் பாதையில் இருக்கிற சின்ன நிறுத்தமான நெய்விளக்கு ஹால்ட்டைப் படம் பிடித்துப் போட்டு, "1930-இல் உப்பு அள்ள வந்த ராஜாஜி ரயிலில் வந்து இறங்கிய இடம்" என்று எழுதியிருக்கிறார். ஆளாளுக்கு அதைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஐயா, அவர் நடந்து வந்தார். ஏப்ரல் 13 திருச்சியில் கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். 30-ஆம் தேதி, உப்புச் சத்தியாக்கிரகமாக, வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளினார். பாதயாத்திரைக்கு எதற்கு டிக்கெட்?

நெய்விளக்கான்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே, என்ன பயம்? எங்கள் தாத்தா கண்ணால் பார்த்தவர். அதே ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தவர். உங்களை மாதிரி புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசுகிற ஆள் இல்லை.

மீட்டர்கேஜ் மணி:
ஹால்ட்டுக்கு ஏது மாஸ்டர்? பக்கத்து ஸ்டேஷனில் பணம் கட்டி டிக்கெட் வாங்கி வந்து, கமிஷனுக்கு விற்பவருக்கு ஏஜெண்ட் என்று பெயர். பச்சைக்கொடி காட்டுகிற வேலைகூட அவருக்குக் கிடையாது. அது கிடக்கட்டும், அவர் நடந்துதான் வந்தார்.

நெய்விளக்கான்:
ஏஜெண்ட் என்றால் கேவலமா? மழையிலும் வெயிலிலும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவர் அவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. நீங்கள் யார் பட்டத்தைப் பிடுங்க?

உப்பளத்தான்:
ராஜாஜி சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லைனில் 2004-இல் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், 2023 ஏப்ரலில்தான் அகலப்பாதையில் திரும்ப விட்டார்கள். நடுவில் கஜா புயல் வேறு. இத்தனை வருஷமும் எங்கள் உப்பு லாரியில்தான் போனது. அதைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

மீட்டர்கேஜ் மணி:
எழுதுவோம். முதலில் இது முடியட்டும். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ன உத்தரவு போட்டார்? நடைபயணத் தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்றார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். ரயிலில் போகிறவருக்கு மரத்தில் எதற்குச் சோறு? ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பறித்துக்கொள்ளவா?

நெய்விளக்கான்:
திருத்துறைப்பூண்டி வரை நடந்தார், நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு கால் வலித்து ஏறியிருக்கக் கூடாதா? ஐம்பது வயது மனிதர்.

மீட்டர்கேஜ் மணி:
இப்போது "கூடாதா" ஆகிவிட்டது. பதிவில் "இறங்கிய இடம்" என்றல்லவா அடித்து எழுதியிருக்கிறீர்கள்? கூட வந்த சுமார் நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் கால் வலித்ததா? நடந்து வந்தார்.

நெய்விளக்கான்:
கைது செய்த பிறகு எதில் கொண்டுபோனார்களாம்? அதுவும் நடத்தியா?

மீட்டர்கேஜ் மணி:
பேச்சை மாற்றாதீர்கள். இறங்கினாரா என்பதுதான் கேள்வி. நடந்து வந்தார்.

தோப்புத்துறை தம்பி:
அண்ணன்மாரே, திருவாரூர்–காரைக்குடி வண்டியில் 2019-இல் ஒரு கூத்து நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றிப் போனார்கள். கேட் வந்ததும் நின்று, முன்னால் இருப்பவர் இறங்கி மூடுவார். கடந்ததும் மறுபடி நின்று, பின்னால் இருப்பவர் திறப்பார். 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல். ராஜாஜி நடந்ததே மேல் 😄

உப்பளத்தான்:
அது வேறு லைன் தம்பி. எங்கள் லைனைப் பேசுங்கள். அப்புறம் ஊர்ப்பெயர் அகத்தியம்பள்ளி. மணி சார் எப்போதும் "அகஸ்தியன்" என்றுதான் எழுதுவார். தமிழ் எழுத்து அவருக்கு ஆகாது.

மீட்டர்கேஜ் மணி:
ஸ்டேஷன் போர்டில் இருப்பதைத்தான் எழுதினேன். போர்டு எழுதியவரைப் போய்க் கேளுங்கள். போன தடவை கோடியக்கரையா கோடிக்கரையா என்று மூன்று நாள் என் உயிரை வாங்கியவரும் நீங்கள்தானே? அந்தப் பெயர்ச் சண்டையில் கடைசி வரைக்கும் அங்குள்ள சரணாலய மான்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கும் அதே கதையாக வேண்டாம். நடந்து வந்தார் என்பதற்கு அகஸ்தியன்பள்ளியில் நினைவு ஸ்தூபியே நிற்கிறது.

நெய்விளக்கான்:
ஸ்தூபி உப்பு அள்ளியதற்கு. நடந்ததற்கு இல்லை. படிக்கத் தெரிந்தவருக்கு வித்தியாசம் தெரியும்.

மீட்டர்கேஜ் மணி:
அப்படியென்றால் இறங்கியதற்கு ஸ்தூபி எங்கே? உங்கள் கொட்டகையிலா? அங்கே ஆடு படுத்திருக்கிறது, உங்கள் படத்திலேயே தெரிகிறது.

நெய்விளக்கான்:
ஆட்டைப் பற்றிப் பேசாதீர்கள், அது பக்கத்து வீட்டுக்காரருடையது. தாத்தாவின் கைப்பட எழுதிய நோட்டு வீட்டில் இருக்கிறது. நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.

மீட்டர்கேஜ் மணி:
தீபாவளிக்கு முன்னாலும் இதே நோட்டைத்தான் போடுகிறேன் என்றீர்கள். 150 மைல். நடந்து.

தோப்புத்துறை தம்பி:
சரி, நாளைக்குக் காலை வண்டி நெய்விளக்கில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று யாருக்காவது தெரியுமா?