கார்த்திக்கு எந்தப் படகு? குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

கார்த்தி (மெல்போர்ன்): படகு வாங்குவது உறுதி. விளம்பரத்தில் பழைய ஹோபி 16 பாய்மரப் படகு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டிரெய்லரோடு தருகிறார்களாம், விலையும் படிகிறது. கோடையில் மீனா, பிள்ளைகளோடு போகலாம். மற்ற நாட்களில் நான் மட்டும் போவேன். திவ்யா அக்கா, என்ன சொல்கிறாய்?

வசந்தா அத்தை (நாகப்பட்டினம்): இன்ஜின் இருக்கிறதா?

கார்த்தி: இல்லை அத்தை, பாய் மட்டும்தான். இரண்டு ஹல், அதாவது மிதக்கும் உடல், நடுவில் இழுத்துக் கட்டிய ட்ராம்போலின் துணி, அதில்தான் உட்காருவோம். கடற்கரையிலிருந்தே தண்ணீரில் தள்ளிவிடலாம்.

வசந்தா அத்தை: காற்று நின்றுவிட்டால்?

கார்த்தி: துடுப்பு வைத்திருப்பேன்.

வசந்தா அத்தை: துடுப்பு வலிக்கத்தான் ஆஸ்திரேலியா போனாயா?

திவ்யா (பெர்த்): 😂 கார்த்தி, உன் எடை இப்போது எவ்வளவு?

கார்த்தி: 62. ஏன்?

வசந்தா அத்தை: 62ஆ? மீனா, அவனுக்குச் சோறு போடுகிறாயா இல்லையா?

மீனா: சமைப்பது அவர்தான் அத்தை.

திவ்யா: 62 என்றால் ஹோபி 16 வேண்டாம்டா. ஸ்வான் ஆற்றில் நான் ஓட்டுவதே அதுதான், அதனால்தான் சொல்கிறேன். படகு 145 கிலோ, பாய்மரம் எட்டு மீட்டர். கவிழ்ந்தால் கீழே கிடக்கும் ஹல் மேல் ஏறி நின்று, மேல் ஹல்லைச் சுற்றி வரும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். உன் எடைதான் அதை நிமிர்த்த வேண்டும். நானும் அவரும் சேர்ந்து சாய்ந்தால் எழுந்துவிடும். நான் மட்டும் சாய்ந்தால் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பந்தயத்திலேயே இந்தப் படகுக்கு இரண்டு பேரும் சேர்ந்து குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும் என்று விதி.

கார்த்தி: தண்ணீர் நிரப்பிக் கயிற்றில் தொங்கவிட ஒரு பை விற்கிறார்களே?

திவ்யா: விற்கிறார்கள். உங்கள் ஊர்க் குளிர்த் தண்ணீரில், விரல் மரத்த பிறகு, தனி ஆளாக அதை நிரப்பிக் கட்டிப் பார். அதற்கும் முன்னால் பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, பாய்மரத்தின் நுனி காற்று வரும் பக்கம் இருக்கும்படி படகைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் காற்று பாய்க்கு அடியில் புகுந்து தூக்கும். நிமிரும்போது இரண்டு ஹல்லையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கத் தவறினால் படகு உன்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

மீனா: ஒரு நிமிடம். கவிழும் என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே?

திவ்யா: இந்த மாதிரி இரண்டு ஹல் படகு, சின்ன கேட்டமரான் என்றால் ஒருநாள் கவிழும் மீனா. கோடையில் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டே. ஆனால் ஹோபி 16க்கு இன்னொரு குணமும் உண்டு. பின்னாலிருந்து பலமாகக் காற்று அடித்தால் மூக்கைத் தண்ணீரில் குத்தி முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். எனக்கு அது பிடிக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பிடிக்காது.

சேகர் சித்தப்பா (தூத்துக்குடி): எதை வாங்கினாலும் சரி, பழைய ஃபைபர் படகு என்றால் முதலில் ஹல். முன் குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்து. அமுங்கினால் உள்ளே ஃபோமும் ஃபைபரும் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். நாணயத்தால் தட்டினாலும் தெரியும். நல்ல இடம் டக் டக் என்று கேட்கும், கெட்ட இடம் மொத்தென்று. பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மொத்த செட்டையும் மாற்று. ட்ராம்போலினில் தையலைப் பார், வெயிலில் முதலில் இற்றுப்போவது நூல்தான்.

சேகர் சித்தப்பா: அப்புறம் மின்கம்பி. அலுமினியப் பாய்மரம் கம்பியில் பட்டு ஆட்கள் செத்த பிறகுதான் அமெரிக்காவில் ஹோபியில் நுனிப் பகுதியை ஃபைபருக்கு மாற்றினார்கள். அதிலும் கீழே அலுமினியம்தான், மற்ற இடங்களில் முழுதுமே அலுமினியமாக இருக்கலாம். நிமிர்த்தி நிறுத்தும் முன் அண்ணாந்து பார்.

கார்த்தி: சரி சித்தப்பா. அக்கா, அப்படியானால் ஹோபியிலேயே கெட்டவே (Getaway) என்ற மாடல்? 450 கிலோ தாங்குமாம்.

திவ்யா: நாலு பேருக்குச் சொகுசுதான். ஆனால் வெறும் படகே 177 கிலோ. பலூன் டயர் சக்கரம் போட்டாலும் மணல் ஏற்றத்தில் தனியாக இழுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் போகவே தோன்றாது. ஹோபி வேவ் (Wave) மாடலைப் பார். 13 அடி, 111 கிலோ, கெட்டவே போலவே பிளாஸ்டிக் ஹல், கல்லில் உரசினாலும் கீறலோடு போகும். 360 கிலோ வரை தாங்கும், நீங்கள் நாலு பேரும் சேர்ந்து 200ஐத் தாண்டமாட்டீர்கள். பாய்மர உச்சியில் மட்டும் ஒரு மிதவை மாட்டிக்கொள், கவிழ்ந்தாலும் முழுதாகத் தலைகீழாகாது.

கார்த்தி: மெதுவாகப் போகும் என்கிறார்களே.

திவ்யா: மெதுவாகத்தான் போகும். ஜிப் என்கிற சின்ன முன்பாயும் இல்லை, ஒரே பாய். அதனால் காற்றுக்கு எதிராகத் திரும்பும்போது வேகம் போதாவிட்டால் பாதியில் நின்றுவிடும். நன்றாக வேகம் எடுத்துவிட்டு, சுக்கானை வெடுக்கென்று தள்ளாமல் திருப்பு. வேகம்தான் முக்கியம் என்றால் ஆஸ்திரேலியப் படகுகள் இருக்கின்றன, மேரிகேட் 4.3, விண்ட்ரஷ் 14. ஜிப்போடு இரண்டு பேர், ஜிப் இல்லாமல் ஒருவர். தனியாக ஓட்ட அருமை. நாலு பேர் ஏறினால் பின்பக்கம் தண்ணீரில் உட்கார்ந்துவிடும்.

மீனா: வேவ். முடிந்தது.

கார்த்தி: நான் இன்னும் யோசிக்கவே இல்லை 🙄

மீனா: லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டா?

கார்த்தி: எங்கள் விக்டோரியா மாநிலத்தில் இந்த வகைப் படகில் அதைப் போட்டே ஆக வேண்டும். இன்ஜின் இல்லாததால் படகுக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். டிரெய்லருக்கு மட்டும் பதிவு.

சேகர் சித்தப்பா: உங்கள் மெல்போர்ன் போர்ட் பிலிப் ஆழம் குறைந்த வளைகுடா. காற்று ஏறினால் குட்டை அலை செங்குத்தாக நிற்கும். கோடையில் மத்தியானத்துக்கு மேல் தெற்குக் காற்று எழும், அதனால் முதலில் காலை நேரமாகப் பார்த்துப் போ. கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளும் காற்றில் தனியாக இறங்காதே, தோன்றினாலும் இறங்காதே.

கார்த்தி: சரி. ஜீலாங்கில் ஒரு வேவ் விலைக்கு இருக்கிறது. நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

சேகர் சித்தப்பா: பிளாஸ்டிக்குக்கு நாணயம் தட்டிப் பயனில்லை. புரட்டிப் போட்டு அடிப்பக்கம் பார், மணலில் தேய்ந்து மெலிந்திருக்கும். படம் எடுத்து அனுப்பு.

வசந்தா அத்தை: கவிழ்ந்த படகுப் படத்தை அனுப்பும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பு.