டங்ஸ்டன்ல டியூட்டீரியம்: 4 இறங்கவே மாட்டேங்குது, அவசரம்

முனிர்கா_அறை: டெல்லி லேப்ல டங்ஸ்டன் துண்டைச் சூடாக்கி, வெளிய வர்ற டியூட்டீரியத்தை (கனமான ஹைட்ரஜன்) மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல அளக்கறேன். ஹீட்டர் போடறதுக்கு முன்னாடியே நிறை 4 சிக்னல் உச்சத்துல நிக்குது, பீக்கே தெரியல. நாளைக்கு கைடுகிட்ட கிராஃப் காட்டணும். ப்ளீஸ்!

வெற்றிடம்: பேக்-அவுட் (சேம்பரைச் சூடாக்கி ஈரத்தை விரட்டறது) ஆச்சா? துண்டு இல்லாம ஓட்டினீங்களா? வாயுவை அயனியாக்கற எலக்ட்ரான் ஆற்றல் எவ்வளவு? ஒண்ணுமே சொல்லலையே.

கரோல்பாக்: மழைக்கால ஈரம்தாங்க. சேம்பரைத் திறந்தா சுவரெல்லாம் தண்ணி ஒட்டிக்கும்.

வெற்றிடம்: தண்ணின்னா 18 ஏறும். 4 எதுக்கு ஏறணும்?

கரோல்பாக்: அந்தத் தண்ணியோட ஹைட்ரஜன்ல சேர்ந்து டியூட்டீரியம் HD-யா 3-லயும், HDO-வா 19-லயும் வெளிய போகும். 4-ஐ மட்டும் கூட்டினா கணக்கு உதைக்கும்.

பழைய_குவாட்ரபோல்: தம்பி, அடிப்படையைப் படிச்சுட்டு மெஷின் பக்கம் போங்க. டியூட்டீரியம் மூலக்கூறு 4.028, ஹீலியம் 4.003. சாதாரண குவாட்ரபோல் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். லீக் டெஸ்ட் எப்ப பண்ணீங்க?

முனிர்கா_அறை: முந்தாநேத்து. ஃபிளாஞ்ச் மாத்தி ஹீலியம் அடிச்சோம். பேக்-அவுட் ஆச்சு. ஆற்றல் 70 எலக்ட்ரான் வோல்ட் (இவி).

வெற்றிடம்: அதான் விஷயம். கேட் வால்வுல இருக்கற வைட்டான் ஓ-ரிங் ஹீலியத்தை உறிஞ்சி வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடும். ஆற்றலை 20 இவிக்கு இறக்குங்க. ஹீலியம் அயனியாக 24.6 வேணும், டியூட்டீரியத்துக்கு 15.5 போதும். சிக்னல் சிறுத்துடும், பயப்படாதீங்க.

பெல்லட்ரான்_பக்தன்: எதுக்குச் சூடாக்கிட்டு? வசந்த் குஞ்ச் பக்கம் ஐயுஏசி, துகள் முடுக்கி மையம், இருக்கு. ஈஆர்டிஏல (அயனிக் கதிர் மோதித் தெறிக்கற அணுவை அளக்கற முறை) ஆழவாரியாவே பார்த்துடலாம்.

பழைய_குவாட்ரபோல்: ஈஆர்டிஏ மேல்தோலைத்தான் பார்க்கும். ஹீலியம்-3 கதிர் விட்டாலும் சில மைக்ரான்தான். டியூட்டீரியம் அதையும் தாண்டி உள்ள போய் உட்காரும். ஐட்டர் இணைவு உலைக்குள்ள டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) தங்க 700 கிராம்தான் வரம்பு. அங்க மொத்தக் கணக்குதான் பேசும்.

பெல்லட்ரான்_பக்தன்: மொத்தம் தெரிஞ்சு என்ன பண்றது? எந்த ஆழத்துல சிக்கியிருக்குன்னு தெரியாம அதை எப்படி வெளிய எடுப்பீங்க? பீக் வர்ற வெப்பநிலையை வச்சு ஆழம் சொல்றது ஊகம்தான்.

கரோல்பாக்: ரெண்டும் வேணும்ங்க. அவருக்கு நாளைக்குக் கிராஃப் வேணும், அதைப் பாருங்க.

முனிர்கா_அறை: 20 வச்சேன், 4 தரைக்கு வந்துடுச்சு! சூடாக்கினா பீக் தெரியுது. 3, 19 சேர்த்தாச்சு. நன்றிங்க.

வெற்றிடம்: அளவு தெரிஞ்ச டியூட்டீரியம் லீக் வச்சு 20-லயே மறுபடி காலிபரேட் பண்ணீங்களா? 70-ல எடுத்த பழைய காலிபரேஷன் மதிப்பைப் போட்டுடாதீங்க.

வெற்றிடம்: தம்பி, இருக்கீங்களா?