காகித நாட் விமானத்தின் இறக்கை விடிவதற்குள் வளைந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

ராயபுரம்_மாடி:
வணக்கம். 1971 நவம்பர் 22 அன்று இந்திய, பாகிஸ்தான் போர் விமானங்களுக்கு இடையே நடந்த பொய்ரா வான்சண்டையை மேசை விளையாட்டாக ஆட ஏற்பாடு செய்கிறேன். நம் தரப்பில் 4 நாட் விமானங்கள், எதிரே பாகிஸ்தானின் சேபர் விமானங்கள். எல்லாம் காகிதத்தில், 1/100 அளவில், நானே வரைந்தது. நாட் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 6.73 மீட்டர் என்பதால் தாளில் 67 மி.மீ. வருகிறது. சேபர் 113 மி.மீ. ஆண்டர்சன் தெருவில் வாங்கிய 200 ஜிஎஸ்எம் அட்டை. மாலையில் ஒட்டி ஜன்னலோரம் வைக்கிறேன். காலையில் பார்த்தால் இறக்கை நுனி இரண்டும் பொரித்த அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. உடல் குழாயும் சுருட்டும்போதே மடிப்பு மடிப்பாக உடைகிறது. தடித்த அட்டைக்கு மாறட்டுமா?

காசிமேடு_கத்தரிக்கோல்:
வேண்டாம் தம்பி, அட்டை போதும். அதன் ஓட்டத்தைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. காகித நார் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்கே உப்பும். நம் பக்கத்துக் கடல் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சொன்னபடி வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுதான் நார் ஓடும் திசை.

உடலுக்கு மூக்கிலிருந்து வால்வரை நார் ஓட வேண்டும். அப்போது உடையாமல் சுருளும். இறக்கைக்கு, அது உடலோடு சேரும் இடத்திலிருந்து நுனிவரை. இங்கேதான் சிக்கல்: சேபரின் இறக்கை 35 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்தது, நாட் அதைவிட அதிகம். இரண்டு இறக்கையையும் ஒரே துண்டாக வரைந்தால் நார் இரண்டுக்குமே குறுக்காகப் போகும். நானும் ஏழெட்டு விமானம் வீணாக்கிய பிறகுதான் இது பிடிபட்டது. இப்போது இடது வலது தனித்தனியாக, தாளில் சாய்த்து வைத்து வரைகிறேன். உடலைத் துளைத்துப் போகும் 5 மி.மீ. பட்டையில் இரண்டையும் மாட்டிவிடுவேன்.

அந்தப் பட்டையிலேயே இறக்கையின் மேல்-கீழ் சாய்வையும் வைத்துவிடுங்கள். நாட் விமானத்தின் இறக்கை உடலின் மேற்பக்கத் தோளிலிருந்து சற்றுத் தாழும், சேபருடையது உடலின் அடிப்பக்கத்திலிருந்து சற்று உயரும். மேசையின் அந்தக் கோடியில் நிற்பவருக்கும் எது யாருடையது என்று இதை வைத்தே தெரியும். எனக்கு இது வண்ணத்தைவிட முக்கியம்.

வெள்ளைப் பசையைக் குச்சி நுனியால் மெல்லிசாகத் தடவி, தடித்த புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். ஜன்னலோரம் கூடாது. மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் முதலில் கீறிக்கொள்ளுங்கள்.

வியாசை_கேரம்:
நிற்க வைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். சைக்கிள் போக்ஸ் கம்பியை 10 செ.மீ. வெட்டி, கேரம் மரக்காயில் துளை போட்டுச் செருகி, காயைப் பழைய ஸ்ட்ரைக்கர் மேல் ஒட்டுங்கள். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் இருக்கும், மின்விசிறிக்கு அசையாது. விமானத்தை இரண்டு விரல்மேல் வைத்து, சமமாக நிற்கும் இடத்தில் கம்பியைக் குத்துங்கள்.

ராயபுரம்_மாடி:
இறக்கைகளைத் தனித்தனியாக வெட்டி நேற்று ஒரு நாட் செய்தேன். ராத்திரி மழை. காலையில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், இறக்கை அப்படியே நேராக இருக்கிறது! சேபரின் மூக்குத் துளைக்கு மட்டும் ஒரு சந்தேகம் அண்ணா: உள்ளே கறுப்பு வட்டம் ஒட்டினால் போதுமா?

காசிமேடு_கத்தரிக்கோல்:
போதும். விளிம்போடு ஒட்டாமல் 3 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். வெட்டிய வெள்ளை விளிம்பிலும் ஸ்கெட்ச் பேனாவால் சாம்பல் நிறம் தடவிவிடுங்கள்.