குடும்பத்தையே விசாரித்த இதய டாக்டர்

சித்தப்பாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மதுரை பெரியாஸ்பத்திரியில் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்ததில் இதயச் சுவர் 19 மில்லிமீட்டருக்குத் தடித்திருந்தது. 15-ஐத் தொட்டாலே சந்தேகப்படுவார்களாம். அங்கே டி.எம். கார்டியாலஜி படித்துக்கொண்டே இதய மரபணு ஆராய்ச்சியும் செய்யும் ஒரு டாக்டரம்மா இருந்தார். மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார் என்று பார்த்தால், "உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாரும் தவறிட்டாங்களா?" என்று ஆரம்பித்தார்.

அப்பத்தா தயங்கித் தயங்கிச் சொன்னது: "மூத்தவன் களத்துல நெல்லு மூட்டை தூக்கும்போதே விழுந்துட்டான் தாயி. முனி அடிச்சிருச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை, மறுத்தும் பேசவில்லை. "அப்ப அவருக்கு என்ன வயசு அப்பத்தா? முன்னாடி மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்டுக் கேட்டு எங்கள் வம்சாவளியைப் படமாக வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் சாய்கோடு. சொந்தத்தில் கட்டிய இடத்தில் இரட்டைக் கோடு. அக்கா மகள், மாமன் மகள் என்று எங்கள் வீட்டில் அது நிறையவே விழுந்தது.

அப்புறம் விளக்கினார். தெற்காசியர்களில் 100 பேருக்குச் சுமார் 4 பேரிடம் இதயத் தசைக்கான எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. 2009-ல் வந்த அந்த ஆய்வில் நம் காமராசர் பல்கலைக்கழகத்துக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே பெருமையாக இருந்தது. அந்தக் குறை இருக்கிற எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். இரட்டைக் கோட்டை அவர் ஏன் அவ்வளவு கவனமாகப் போட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சித்தப்பா பிள்ளைகள் எல்லோரையும் டாக்டர் எக்கோவுக்கு வரச் சொன்னார். கபடி ஆடும் தம்பிக்கும் சுவர் தடித்திருந்தது. ஒரு தொந்தரவும் இல்லாத பையன். ஆட்டத்தை விட்டுவிட்டு இப்போது மாத்திரையில் இருக்கிறான். அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் என்று நினைத்தாலே பதறுகிறது.

—

சோழவந்தானிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் இப்படி ஒருவர் அமைந்தார். காலையில் வார்டு, மதியத்துக்கு மேல் ஆய்வுக்கூடம் என்று ஓடுகிற டாக்டர் தம்பி. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கும் முன், ஒப்புதல் படிவத்தை அம்மாவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினார். "இது ஆராய்ச்சிக்குத்தான்மா, இதனால உங்களுக்கு உடனே பலன் இருக்காது. வேண்டாம்னாலும் வைத்தியம் நிக்காது" என்று வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா கைநாட்டு வைத்தார். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதுவரை எனக்கும் அண்ணனுக்கும் வருஷத்துக்கு ஒரு எக்கோ.